காப்பியடி – வினைச்சொல்

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு 'உதாரணம்' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள்; மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் "உதாரணம் வந்தாச்சு" என்பார்கள். சொற்களுக்குப் பொருள் எழுத அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள், ஓரிடத்தில் காற்புள்ளி வருமா அரைப்புள்ளி வருமா என்று மதியச் சாப்பாடுவரை மல்லுக்கு நிற்பவர்கள். அவர்கள் அடித்துத் திருத்தி ஓய்ந்த சீட்டு கடைசியில் அவள் மேசைக்கு வரும். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதித் தருவதுதான் அவள் வேலை.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் தட்டச்சு செய்ய வந்தவள் அவள். வேகம் போதாது, ஆனால் பிழை இருக்காது என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரமே ஒரு பிழை செய்தாள். 'தயங்கு' என்ற சொல்லுக்கு 'அவன் தயங்கினான்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை அடிக்கும்போது அவளுக்குக் கை கூசியது. யார் தயங்கினான், எதற்குத் தயங்கினான், ஒன்றும் இல்லை. 'வாசல்வரை வந்தவர் மணியை அடிக்கத் தயங்கி, செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டே நின்றார்' என்று அடித்து வைத்தாள். அப்போதிருந்த ஆசிரியர் கூப்பிட்டு, "இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டார். "புத்தகத்துல இல்ல சார். நேத்து எங்க வீட்டு வாசல்ல இருந்துச்சு" என்றாள். மறுநாள் தட்டச்சுப் பொறியை வேறொருவரிடம் தள்ளிவிட்டு அவளுக்கு ஜன்னலோரம் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த மேசைக்கு வாக்கியங்கள் வீட்டிலிருந்துதான் வந்தன. மருந்துக்கடைச் சீட்டின் பின்பக்கத்தில், பேருந்தில் உட்கார்ந்தபடி, காதில் விழுந்ததை எழுதி வைத்துக்கொள்வாள். கணவர் பல் தேய்க்கும்போது சொன்னது, நாத்தனார் தொலைபேசியில் சொன்னது, மேல்வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொன்னது. பெயரை எடுத்துவிட்டு 'அவர்' என்று போட்டுவிட்டால் வாக்கியம் யாருடையதும் இல்லை என்பது அவள் கட்சி. நாத்தனாரின் கணவர் அப்படித்தான் 'கஞ்சத்தனம்' என்ற சொல்லுக்கு உதவினார்: 'வீட்டுக்கு யாராவது வந்தால்தான் அவர் விசிறியைச் சுற்ற விடுவார்.' நாத்தனாரும் 'முணுமுணு'வுக்குள் போய்ச் சேர்ந்தாள்: 'அவள் முணுமுணுத்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.'

இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மற்ற அகராதிக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவார்கள். அவள் பார்த்து எழுதியதில்லை. எந்தப் புத்தகத்திலிருந்தும் ஒரு வரி எடுத்ததில்லை என்று யார் கேட்டாலும் சொல்வாள். யாரும் கேட்டதில்லை. அகராதியைத் திறப்பவர்கள் பொருளைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். சாய்ந்த எழுத்தில் இருக்கும் உதாரணத்துக்கு இறங்கி வருபவர் ஆயிரத்தில் ஒருவர். குடும்பத்தில் அந்த ஒருவரும் இல்லை. இரண்டாம் பதிப்பு வந்தபோது அலுவலகம் கொடுத்த அன்பளிப்புப் பிரதி, தாழ்ப்பாள் கெட்டுப்போன அலமாரிக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. அதைவிடக் கனமான பொருள் வீட்டில் இல்லை.

கணவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவருடைய பக்கத்தில் அவரை 'ஒரிஜினல்' என்பார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் பிரிவுக்குத் தலைவர். மனு போட்டால் பழைய பத்திரத்தை எடுத்து, பிரதி செய்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்து, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. முப்பது வருடப் பழக்கத்தில் வீட்டிலும் அதே புத்தி. திருமண அழைப்பிதழை வாட்ஸப்பில் அனுப்பினால், "இது நகல். ஒரிஜினல் எங்கே?" என்பார். நாத்தனார் ஊரில் கேட்ட ஒரு வம்பை வந்து சொன்னால், "யார் சொன்னது? அவங்க யார்கிட்டேர்ந்து கேட்டாங்க?" என்று மூலத்தைத் தேடிப் போவார். வம்பு பாதி வழியில் செத்துவிடும்.

அப்படிப்பட்டவர், கல்யாணமான மூன்றாவது மாதத்தில், ஒரு மழை நாளில், சும்மா இருக்க முடியாமல் புது மனைவியிடம் ஒன்றைச் சொல்லிவைத்தார். பள்ளி இறுதித் தேர்வில் பக்கத்தில் இருந்தவன் விடைத்தாளைப் பார்த்து எழுதினாராம். கணக்கோ, வரலாறோ, அவருக்கே மறந்துவிட்டது. அவன் தாளில் மை கொட்டிவிட்டது. திருத்துபவரிடம் மன்னிப்புக் கேட்டு ஓரத்தில் ஒரு வரி எழுதினான். இவர் அதையும் சேர்த்து எழுதினார். இவர் தாளில் ஒரு பொட்டு மைகூடக் கொட்டவில்லை. அன்று அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். அவள் சொல்லவில்லை. இருபது வருடம் கழித்து எழுதினாள்.

எழுத வைத்தது அந்த வினைச்சொல்தான். முதல் பதிப்பில் 'காப்பியடி' சேர்க்கப்படவில்லை. பாதி அந்நியச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் அதைத் தவிர்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன யாரும் அந்தச் சொல் இல்லாமல் வெளியே வந்ததில்லை. ஆனாலும் அதன் பொருளில் நான்கு நாள் சண்டை நடந்தது. முதலில் 'அடி' எங்கிருந்து வந்தது என்பதே தகராறு. விசில் அடிக்கிறோம், தந்தி அடித்தோம், அரட்டை அடிக்கிறோம், சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். இதில் எந்த அடி இந்த அடி என்று மெய்ப்புப் பார்ப்பவர் கேட்டார். அவருக்கு அலுவலகத்தில் 'கமா' என்று பெயர். "ஈயடிச்சான் காப்பிலேர்ந்து வந்த அடியா இருக்குமோ?" என்று ஒருவர் சொன்னார். மூலத்தில் செத்து ஒட்டியிருந்த ஈயைப் பார்த்து, தானும் ஒரு ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டிய குமாஸ்தாவின் கதை எல்லாருக்கும் தெரியும். கமா ஒத்துக்கொள்ளவில்லை.

அவள்தான் அதை முடித்துவைத்தாள். "சார், வீட்டுல மூணு விதமாச் சொல்றோம். காப்பி போட்டா குடிக்கலாம். காப்பி எடுத்தா சம்பளம். காப்பி அடிச்சா தண்டனை. பேர்ச்சொல் ஒண்ணுதான், வினைதான் ஆளைக் காட்டிக் கொடுக்குது."

நகல் பிரிவுத் தலைவரின் மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். பொருள் இப்படி அமைந்தது: 'பிறர் எழுதியதைப் பார்த்து, அனுமதியின்றி, தன்னுடையதுபோல் எழுதுதல்.' உதாரணத்துக்கு அவள் பேனாவை எடுத்தபோது கை தானாக ஓடியது: '"மை கொட்டியதற்கு மன்னிக்கவும்" என்று பக்கத்தில் இருந்தவன் எழுதியிருந்ததையும் சேர்த்து அவன் காப்பியடித்தான்.' கமா அதை இரண்டு முறை படித்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரித்தார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆறு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தடிப் புத்தகத்தின் நானூற்றுச் சொச்சமாவது பக்கத்தில், சாய்ந்த எழுத்தில், அவர் பத்திரமாக இருந்தார்.

அவரை வெளியே கொண்டுவந்தது வேறொரு புத்தகம். நாத்தனாருக்கு வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டி பைத்தியம். பெரிய அகராதியைத் தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும் என்று, கைக்கு அடக்கமாக, பளபளவென்று அட்டை போட்ட ஒரு 'மாணவர் கையகராதி' வாங்கி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுவிட்டுக் கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் கட்டத்தை மறந்துவிட்டு அகராதியைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, இதைக் கேளுங்களேன். 'வீட்டுக்கு யாராவது வந்தால்தான் அவர் விசிறியைச் சுற்ற விடுவார்.' இவரையே நேர்ல பார்த்து எழுதின மாதிரி இல்ல?"

சோபாவில் கிடந்த நாத்தனாரின் கணவர் கண்ணைத் திறக்காமல், "உலகத்துல நான் ஒருத்தன்தானா?" என்றார்.

சமையலறையில் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அவளுக்கு, அது தன் வரி என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்ததுபோல் இருந்தது. முதலில் கோபம் வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம்தான். பத்தொன்பது வருடத்தில் அவள் வாக்கியத்தை ஒருவர் வாய்விட்டுப் படித்து இப்போதுதான் கேட்கிறாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டாள். கூடத்துக்கு வந்து, "அதுல 'முணுமுணு' இருக்கா பாரேன்" என்றாள்.

நாத்தனார் பார்த்தாள். படித்தாள். நிமிர்ந்தாள். "மூணு வீட்டுக்குக் கேக்கும்னு நீங்கதானே என்னைச் சொல்வீங்க? இது என்ன அண்ணி, நம்ம வீட்டுக் கதையை யாரோ உள்ளே உக்காந்து எழுதியிருக்காங்க."

"யாரோ இல்ல. நான்தான். எங்க அகராதில நான் எழுதினது. அதைத் திருடிப் போட்டிருக்காங்க."

"அட." நாத்தனாருக்கு முகம் பளிச்சென்றது. "அப்போ இன்னும் யார் யாரெல்லாம் உள்ளே இருக்கோம்?"

அதன்பிறகு அவளைத் தடுக்க முடியவில்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டி உறவினர்களைத் தேடிப்பிடித்தாள். 'பீற்றிக்கொள்'ளில் பெரியப்பா மகன் இருந்தார். 'இழுத்தடி'யில் பாத்திரம் திருப்பித் தராத எதிர்வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கணவர்கூடச் செய்தித்தாளை இறக்கிவிட்டு, "மூலம் எது, நகல் எது, தேதி பார்க்கணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

"காப்பின்னு ஒண்ணு. குடிக்கிறது. காப்பின்னு ரெண்டு. நகல். அண்ணே, உங்க டிபார்ட்மெண்ட். அடுத்தது காப்பியடி." நாத்தனார் குரலை ஏற்றிக்கொண்டாள். "மை கொட்டியதற்கு மன்னிக்கவும் என்று பக்கத்தில் இருந்தவன் எழுதியிருந்ததையும் சேர்த்து அவன் காப்பியடித்தான். ஐயோ, இவன் யாரு அண்ணி? எந்த மடையன்?"

அவள் பதில் சொல்வதற்குள் செய்தித்தாள் மேலே ஏறிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்தவரின் கால் கட்டைவிரல்கள் மட்டும் தெரிந்தன. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"யாரும் இல்ல, சும்மா எழுதினது" என்றாள்.

"மத்ததெல்லாம் நிஜம், இது மட்டும் சும்மாவா?" என்றாள் நாத்தனார். அவள் முட்டாள் இல்லை. ஆனால் தன் அண்ணனை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரிஜினல் அல்லவா.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. சண்டை இல்லை, சாப்பாட்டில் கோபம் காட்டவில்லை, கதவைச் சாத்தவில்லை. அவர் வாயிலிருந்து மூன்று சொற்கள்தான் வந்தன: ஆமா, இல்ல, சரி. காலையில் குளியலறையிலிருந்து உலகத்தையே விசாரிக்கும் மனிதர், வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். இருபத்தாறு வருடம் அந்தப் பேச்சைக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். நான்காம் நாள், குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டபோது, வீடு காலி செய்ததுபோல் இருந்தது.

தொற்றுநோய்போல் அது பரவவும் செய்தது. நாத்தனார் தொலைபேசியில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால், "இது எழுதறதுக்கு இல்ல அண்ணி, சும்மா சொல்றேன்" என்றாள். மேல்வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து மனதுக்குள் திட்டினார்.

கையகராதியை அலுவலகத்துக்கு எடுத்துப்போனாள். இப்போதைய ஆசிரியர் அவளைவிடப் பத்து வயது இளையவர். எதற்கும் நோட்டீஸ் விடலாமா என்று கேட்கிறவர். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் ஒப்பிட்டார்கள். பொருள்கள் பல ஒத்திருந்தன. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. யார் எழுதினாலும் தண்ணீர் தண்ணீர்தான். மாட்டியது உதாரணங்கள்தான். நாற்பத்தொரு வாக்கியங்கள், புள்ளி மாறாமல். ஒரு இடத்தில் கமா விட்டுவைத்திருந்த அச்சுப்பிழைகூட அப்படியே இருந்தது. கமா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

நோட்டீஸுக்குப் பத்து நாளில் பதில் வந்தது. ஆசிரியர் அதை அவள் மேசைக்கே கொண்டுவந்து படித்தார்.

"'எடுத்துக்காட்டுகள் மக்கள் பேசும் பேச்சு. மக்கள் பேச்சு யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் ஊழியர் கேட்டதுபோல் எங்கள் ஊழியரும் கேட்டிருக்கலாம்.' திமிரைப் பார்த்தீங்களா மேடம்? நீங்க ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்துடுங்க, இவனுங்களை ஒரு வழி பண்ணிடலாம்." ஒரு தாளை நீட்டினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. 'மேற்கண்ட நாற்பத்தொரு வாக்கியங்களும் என் சொந்தக் கற்பனையில் உருவானவை. பிறரிடமிருந்து பெறப்பட்டவை அல்ல.'

அவள் பேனாவைத் திறந்து, மூடினாள்.

"சொந்தக் கற்பனை இல்லையே சார். காதுல விழுந்தது."

"அது நமக்குள்ள. தாள்ல கற்பனைன்னு இருந்தாத்தான் நம்ம சொத்து. காதுல விழுந்ததுன்னு எழுதினா அவன் சொல்றது சரின்னு ஆயிடும்."

"அப்போ அவங்க சொல்றது சரிதானோ?"

ஆசிரியர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "திங்கட்கிழமை கொடுங்க போதும்" என்று தாளை வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது அலமாரிக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. முட்டுக்கொடுத்திருந்த அகராதி சாப்பாட்டு மேசையில் இருந்தது. கணவர் அதன் முன்னால், அலுவலகச் சட்டையைக்கூடக் கழற்றாமல், பத்திரத்தைப் படிப்பதுபோல் விரலை வரிக்குக் கீழே வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவள் பையை வைத்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக நான்காவது சொல் வந்தது.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"இது என்ன போட்டிருக்கு, படி."

"பிறர் எழுதியதைப் பார்த்து, அனுமதியின்றி, தன்னுடையதுபோல் எழுதுதல்."

"பிறர் எழுதியதை. நான் எழுதிக் கொடுத்தேனா? சொன்னேன். அப்போ நீ செஞ்சது காப்பியடிக்கிறது இல்ல. உங்க புத்தகமே உன்னை விடுதலை பண்ணிடுச்சு. நல்லாத்தான் எழுதி வெச்சிருக்கீங்க, உங்களுக்குத் தோதா."

"பேரைப் போடலையேங்க."

"பேரைப் போடாட்டா? எங்க ஆபீஸ்ல பேரை மறைச்சு ஒரு பத்திரத்தை வெளியே கொடுத்துட்டு, பேரைப் போடலையேன்னு சொன்னா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." அவர் குரல் உயரவில்லை. "மனு போட்டா நகல் கொடுப்போம். போடாட்டா முதலமைச்சரே வந்தாலும் கிடையாது. நீ எங்கிட்ட மனு போட்டியா?"

"போடலை" என்றாள்.

"சரி" என்று அவர் எழுந்து போய்விட்டார். மறுபடி மூன்று சொல்லாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மனு எழுதினாள். விளையாட்டுக்கு இல்லை. அவர் பிரிவின் படிவத்தை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். எத்தனையோ முறை வீட்டில் வைத்துத் திருத்தியிருக்கிறார். மனுதாரர், முகவரி, கோரும் ஆவணத்தின் விவரம், ஆவணம் உருவான நாள். விவரம் என்ற இடத்தில் அந்த வாக்கியத்தை எழுதினாள். நாள் என்ற இடத்தில் 'கல்யாணமான மூன்றாம் மாதம், மழை நாள்' என்று எழுதினாள். மனு தாமதமானதற்குக் காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்து, 'கேட்டால் தரமாட்டீர்கள் என்று தெரியும்' என்று எழுதினாள். காப்பி டம்ளருக்குக் கீழே வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

அவர் டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பழக்க தோஷம், முகவரியில் விட்டுப்போன கதவு எண்ணைச் சேர்த்தார். விவரத்துக்கு வந்ததும் நின்றார்.

"இது தப்பு" என்றார்.

"எது?"

"'மை கொட்டியதற்கு மன்னிக்கவும்'னு அவன் எழுதலை. 'மை கொட்டிவிட்டது ஐயா, பொறுத்தருளவும்'. அதுதான் மூலம்."

"நீங்க பொறுத்தருளவும்னுதான் சொன்னீங்க. இப்ப யாரும் அப்படி எழுதறதில்லைன்னு நான்தான் மாத்தினேன்."

"அப்போ இது உண்மை நகல் கிடையாது." அவருக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டுவிட்டார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் சொன்னதும் இல்ல, அவன் எழுதினதும் இல்ல. மன்னிக்கவும்ங்கிறது உன் சரக்கு. அந்தத் திருட்டுப் பயலுங்க புத்தகத்துலயும் மன்னிக்கவும்னுதானே இருக்கு? எங்க பிரிவுல போலிப் பத்திரத்தை எப்படிப் பிடிப்போம்கிற? சரியா இருக்கிறதை வெச்சா? தப்பை வெச்சுதான். தப்பு யாரோடதோ, எழுத்து அவங்களோடது. அந்த ஒரு வாக்கியத்துக்கு நீ தாராளமா கையெழுத்துப் போடலாம்."

அவ்வளவு உற்சாகமாக அவர் பேசிக் கேட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் கரித்தது. எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"அப்போ உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"கோபம் இருக்கு." டம்ளரை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது, கவனிக்கவில்லை. "நான் காப்பியடிச்சதை நீ எழுதிட்டியேன்னு இல்ல. நாலு பேர் மடையன்னு சிரிச்சாங்களேன்னும் இல்ல. மடையன்தான். உனக்கு நான் முழுசாச் சொல்லலையேன்னு, என் மேலேதான்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மருந்துக்கடைச் சீட்டு எதுவும் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள்.

"அந்த மை ஏன் கொட்டிச்சுன்னு நீ கேக்கலை. யாரும் கேக்க மாட்டாங்க, அதுல சிரிப்பு இல்ல பாரு. ஒரே பெஞ்சு. அவன் கையால மறைச்சுக்கிட்டு எழுதினான். சரியாத் தெரியலைன்னு நான் பெஞ்சை ஒரு இழு இழுத்தேன். அவன் மை புட்டி கவுந்துடுச்சு. ரெண்டு பக்கம் போச்சு. அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஒத்தித் துடைச்சுட்டு ஓரத்துல அந்த வரியை எழுதிட்டு மேலே எழுத ஆரம்பிச்சுட்டான். நானும் எழுதினேன். எனக்கு பாஸ். அவனுக்கு அந்தப் பாடம் போயிடுச்சு. ரெண்டு பக்கம் படிக்க முடியலைல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவன் வேற எங்கேயோ வேலைக்குப் போயிட்டான். நான் முத்திரை குத்தறேன்." டம்ளரைச் சுழற்றினார். "யோசிச்சுப் பார்த்தா, அந்தத் தாள் முழுக்க நான் சொந்தமா எழுத வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். பொறுத்தருளவும். அதையும் அவனைப் பார்த்துதான் எழுதினேன்."

எழுந்து குளியலறைக்குப் போனவர், பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே, மேல்வீட்டுக்காரர் தொட்டியை ஏன் இத்தனை நாளாகத் திட்டவில்லை, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

மற்ற நாற்பது வாக்கியங்களுக்கும் அவள் வீடு வீடாகப் போனாள். பெரியப்பா மகன், பீற்றிக்கொள்வது தானாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். விசிறிக்காரர், அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லையே என்றார். நாத்தனாருக்குத்தான் மனத்தாங்கல்.

"நாப்பதுல எனக்கு மூணுதானா அண்ணி? நான் பேசற பேச்சுக்கு?"

"அடுத்த பதிப்புல பார்க்கலாம்."

"எழுதறதுக்குன்னே சொல்றேன், குறிச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தாள். குறித்துக்கொள்ள லாயக்காக ஒன்றும் வரவில்லை. எழுதுவதற்கென்றே சொன்னால் நாத்தனாரும் புத்தகம் மாதிரித்தான் பேசினாள்.

திங்கட்கிழமைக்குக் கேட்ட தாளை அவள் வியாழக்கிழமை கொடுத்தாள். 'சொந்தக் கற்பனை' என்ற இடத்தை அடித்துவிட்டு, 'என் வீட்டில் கேட்டவை. சொன்னவர்கள் சம்மதத்துடன்' என்று எழுதி, சம்மதச் சீட்டுகளைப் பின்னால் குத்தியிருந்தாள். ஆசிரியர் புரட்டினார். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இருப்பதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. அவர்களுடைய ஊழியர் எந்த வீட்டில் கேட்டார் என்று இனி அவர்கள்தான் காட்ட வேண்டும். பிறகு எண்ணினார்.

"நாப்பதுதான் இருக்கு. நம்ம துருப்புச்சீட்டே அந்த மை கொட்டினதுதானே. அது எங்கே?"

"அதுக்குச் சம்மதம் வாங்க முடியலை சார்."

"சொன்னவர் கொடுக்கலையா?"

"சொன்னவர் கொடுத்துட்டார். அது அவரோடது இல்ல."

ஆசிரியருக்குப் புரியவில்லை. புரிய வைக்க அவள் முயலவும் இல்லை. மூன்றாம் பதிப்புக்கான 'காப்பியடி' சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பொருளில் 'பிறர் எழுதியதைப் பார்த்து' என்பதை 'பிறர் எழுதியதையோ சொன்னதையோ' என்று திருத்தியிருந்தாள். ஆசிரியர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சொன்னதையும் சேர்த்தா நாம யாரும் வெளியே தலைகாட்ட முடியாதே மேடம்" என்றார். ஆனாலும் அடிக்கவில்லை. கீழே உதாரணத்தைப் படித்தார்: 'தேர்வில் காப்பியடிப்பது தவறு.'

"இது எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கே."

"எல்லாரும் படிச்சதுதான் சார்."

"எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும். நாளைக்கு நம்மளை எவனாவது கேட்டா?"

"எல்லாரும் எங்கேர்ந்து எடுத்தாங்களோ அங்கேர்ந்துதான் எடுத்தோம்னு சொல்லுங்க."

அந்தச் சீட்டு, பொருள் எழுதுபவர்களின் மேசைகளைச் சுற்றி, கமாவிடம் போய், சாயங்காலம் அவளிடம் திரும்பியது. பத்தொன்பது வருடத்தில், ஒரு புள்ளிகூடத் திருத்தப்படாமல் அவளுக்குத் திரும்பி வந்த முதல் சீட்டு அதுதான்.